ஒரு மெழுகுவர்த்திக்கு இடம்

நவம்பர் 2, இரவு

இன்று கல்லறைத் திருநாள். மாலையில் என் கணவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக எனக்கு மீன் கொடுக்கும் அஞ்சலை வந்து நின்றாள். சென்ற ஆடியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவள் கணவன் போனான். உடல் கிடைக்கவில்லை. அவள் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி.

“எங்காளுக்குப் பொதைச்ச எடம்னு ஒண்ணு இல்லம்மா. ஐயா கால்மாட்டுல ஓரமா இத்த வச்சிக்கட்டா?”

“இது உத்தரிக்கிற ஸ்தலத்துல, மோட்சத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமாக்களுக்கு ஏத்துறது. ஞானஸ்நானம் இல்லாதவன் அங்கே போக முடியாது, அஞ்சலை.”

“அப்ப எங்கம்மா போயிருப்பாரு?”

கான்வென்டில் ஞானோபதேசப் பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறியதில்லை. இன்று குனிந்து, கல்லறை மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கினேன்.

“ஐயா இருந்தா வச்சிட்டுப் போன்னுருப்பாரு. நீங்கதான் எதுக்கும் ஸ்கேல் வச்சிக் கோடு போடுவீங்க” என்று சிரித்தாள். அதற்குள் காற்றில் என் மெழுகுவர்த்தி அணைந்தது. நான் மறுபடி ஏற்றும்வரை அவள் குந்தி, இரு கைகளாலும் காற்றை மறைத்தாள். பிறகு தன்னுடையதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

வெள்ளம் வந்த வருடத்தில் என் கணவரின் சவப்பெட்டியைத் தன் படகில் ஏற்றி, இடுப்பளவு நீரில் தள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் சேர்த்தவன் அவள் கணவன்தான். அது அப்போது நினைவில் இல்லை என்று எழுதினால் பொய். நினைத்தேன். நினைத்தும் அப்படிச் சொன்னேன்.

அவனுக்காக ஜெபமாலை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் தெரியவில்லை. எப்போதும் அவன் எனக்கு அஞ்சலை வீட்டுக்காரன்தான். காலையில் அவளிடம் கேட்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?