தலைமை ஆசிரியைக்குப் பெய்யாத மழை

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஒன்றாம் வகுப்புக்கு மழை எப்படி உண்டாகிறது என்று காட்ட, வெந்நீர்ப் பாத்திரத்தை ஐஸ் வைத்த தட்டால் மூடிச் சொட்ட வைத்தேன் என்று எழுதியிருந்தேனே? அதைத் தன் யோசனை என்று தலைமை ஆசிரியை சொல்லிக்கொண்டார். நேற்று பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி முன்னால் தானே செய்துகாட்ட, என்னிடம் பிளாஸ்க்கில் வெந்நீர் கேட்டார். நான் பச்சைத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

"எங்க மிஸ் செஞ்சா மழை வருமே" என்றாள் ஒரு வாண்டு.

அதிகாரி என்னைச் செய்யச் சொன்னார். கொதிநீர் ஊற்றினேன், சொட்டியது. தலைமை ஆசிரியை முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். இதைப் படித்துச் சிரித்தால் எழுதுங்கள். இங்கே சேர்ந்து சிரிக்க ஆளில்லை. மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்