அனுமதிச் சீட்டு இல்லாத அப்பா

லோகன்,
மார்ச் 9.

என் கண்ணு மேரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நாற்பத்தொரு மாடுகளும் சௌக்கியம், சியோலில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பனிமூட்டம் பத்து நாளாகப் பள்ளத்தாக்கில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மனசில்லாமல் இருக்கிறது, தொழுவத்திலிருந்து பார்த்தால் வீடே தெரியவில்லை, சமையலறை விளக்கு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அம்மா உன் கல்யாண உடுப்புக்கு முழுக்கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஜூன் மாதம் இங்கே நம் ஊர் ஆலயத்தில் நீயும் காலெப்பும் மண்டியிட்டு என்றென்றைக்குமாக இணையும்போது நான் அந்த அறையில் இருக்க மாட்டேன் மேரன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பனியைப் பற்றிப் பேசி எத்தனை நேரம்தான் ஓட்டுவது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலைக் கறவையில் வழக்கம்போல வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன், அந்தப் பக்கம் கேட்க யாரும் இல்லை என்று பட்டது. யாரோடும் சண்டையில்லை, எதையும் படித்துக் கெட்டுப்போகவுமில்லை. நம்பிக்கை எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டிருந்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கெழமைக்கு வெள்ளச் சட்டைய இஸ்திரி போடவா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். போடு என்றேன். இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம்பிக்கை போன பிறகு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். சபைக் குமாஸ்தா நான்தானே. திருவிருந்து அப்பம் வரிசை வரிசையாகப் போகும்போது பின்னால் நின்று தலைகளை எண்ணுவேன், ஜன்னல் வழியாகப் பனி வெளிச்சம் எல்லார் முடியிலும் இறங்கியிருக்கும், எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கும், எனக்குத் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் இருக்கும், இத்தனை பேரையும் நான் பிறப்பதற்கு முன்னாலேயே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றும். யார் இந்த வாரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன், மறுநாள் போய் அவர்கள் வாசலில் குவிந்த பனியைத் தள்ளிக்கொடுப்பேன். முதல் சில வாரங்கள் என் தலையைச் சேர்க்காமல்தான் எழுதினேன், மனசு கேட்கவில்லை, சேர்த்துவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசத்தைக்கூட என்னால் விட முடியவில்லை. போன மாதம் கிழமை மறந்துபோய் ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுவிட்டு, ஞாபகம் வந்ததும் திருடன் மாதிரி தொட்டியில் துப்பினேன். "யாருக்குப் பயந்து துப்புறீங்க?" என்று அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நானும் சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கூடத்துக்கு யாரும் போகலாம், ஆனால் பிஷப் தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆலயத்துக்குள் போக முடியாது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த ஏழு வருஷத்தில் மூன்று தடவை பிஷப்பின் முன்னால் உட்கார்ந்து, கடவுளை நம்புகிறாயா என்ற முதல் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல ஆமாம் சொல்லி வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை உன் முகம் வந்து குறுக்கே நின்றது. நீ சத்தியம் செய்யப்போகும் அறைக்குள் நான் பொய் சொல்லி நுழைவதா? இல்லை என்று சொல்லிவிட்டேன். பிஷப் பொறுப்பு நம்மில் ஒருவருக்கு மாறி மாறி வருவதுதானே, இப்போது நம் டிராக்டரைப் பழுது பார்க்கிற லோவெல். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னண்ணே, மகளுக்குக் கல்யாணம், ஒரே ஒரு வார்த்ததானே, போன தடவ சொன்னீங்கல்ல" என்றார். அதுவும் பொய்தான் லோவெல் என்றேன். கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். அப்புறம் எதற்கோ மிச்சக் கேள்விகளையும் கேட்டார். சபை விலக்கிய காபியைத் தொட்டதில்லை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் தவறியதில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை, உங்களைத் தவிர என்றேன். "எல்லாத்துலயும் தேறிட்டீங்க, போயும் போயும் மொதக் கேள்வியில போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவு வரைக்கும் வந்து, "ஞாயித்துக்கெழம தலை எண்ண வருவீங்கல்ல" என்று கேட்டார். வராமல் எங்கே போவேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஏழு வருசமா வராத நேர்மை பொண்ணு கல்யாணத்துக்குன்னு பாத்துதான் வரணுமா" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். உன் மாமியார் வீட்டார் கேட்பார்கள், ஊர் பேசும், எல்லாம் உன் தலையில்தான் விழும். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே, ஆலயத்துக்கு வெளியே புல்தரையில் இருக்கிறார் என்று சொல். அந்த அறையில் எதிரெதிராக மாட்டியிருக்கும் கண்ணாடிகளில் நீங்கள் இருவரும் முடிவேயில்லாமல் போய்க்கொண்டிருப்பீர்கள், நானும் அம்மாவும் ஒருநாள் அப்படிப் போனோம், பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், அவசரப்படாமல் பார்.

மணிக்கட்டு அளவை உடனே எழுதி அனுப்பு, அம்மா ஊசியோடு காத்திருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. கல்யாணத்துக்கு முன்னால் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லுங்கள் அப்பா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மற்ற அப்பாக்களிடம் இருக்கிற, ஆசீர்வதிக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை, யார் பெயரால் சொல்வதென்றும் தெரியவில்லை, வார்த்தை எதுவும் வராது. ஆனால் நீ நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் கையை வைப்பேன். நீ போதும் என்று சொல்லும்வரை எடுக்க மாட்டேன்.

உன் அப்பா,
தேய்ன் லார்சன்