நீ பேசும்போது நன்றாகத்தான் இருக்கிறாய்

இன்று காலை கடையில் உன் குரல் கேட்டது.

கரண்ட் போயிருந்தது. ஃப்ளெக்ஸ் மெஷின் ஓய்ந்து, மை நெடி மட்டும் அறைக்குள் நின்றிருந்தது. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்த கன்னிகா, கரண்ட் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. நீ போன பிறகு கிளியனூர் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். உப்பளத்தில் உப்பு சுமக்கிறாள். அவள் போனிலிருந்துதான் நீ பேசினாய்.

"நம்ம உடம்பு நம்மகிட்ட பொய் சொல்லாதுங்க. நாமதான் அதுகிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

பின்னால் உப்பளத்து மோட்டார் ஓடுகிற சத்தம். காற்று. சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினாய், எப்போதும் நிறுத்துகிற இடத்தில். நான் பேனர் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி கோணலாகப் போய்விட்டது.

நீ போய் இரண்டு முறை உப்புக் காலம் வந்து முடிந்துவிட்டது. நீ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய்.

நாம் இரண்டு பேரும் பேச்சை வைத்துப் பிழைத்தவர்கள். கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். படித்து முடித்து நான் இந்தக் கடையில் பேனருக்கும் நோட்டீஸுக்கும் வாசகம் எழுத உட்கார்ந்தேன். நீ ஆட்டோவில் ஏறி மைக் பிடித்தாய். நான் எழுதுவேன், நீ பேசுவாய். கண் சிகிச்சை முகாம், பள்ளிச் சேர்க்கை, புதுத் துணிக்கடை, கோயில் திருவிழா, ஓட்டு கேட்கிறவர்கள், ரேஷன் கடை மாற்றம். இந்த ஊரில் யாரை எங்கே வரவைக்க வேண்டுமானாலும் அது நம் இருவர் வழியாகத்தான் நடந்தது.

கண் முகாமுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் தாள் உனக்கு நினைவிருந்திருக்கும். "பொதுமக்கள் அனைவரும் வருகை தந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்." நீ ஆட்டோவில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தாய்.

"பொதுமக்கள்னா யாருடி? எதிர்வீட்டுக்காரங்க. எவளாவது தன்னைப் பொதுமக்கள்னு நெனைச்சுக்குவாளா? அப்புறம் இந்தக் 'கேட்டுக்கொள்கிறோம்' யாரு? நாங்க மேல நிக்கிறோம், நீங்க வந்து கீழ நில்லுங்கன்னு சொல்ற மாதிரி இருக்குது."

தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்கை எடுத்தாய். "நம்ம கண்ணை நாம ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க. சோறு வடிச்சு வச்சிட்டு வாங்க, நான் அங்கதான் இருப்பேன்." அவ்வளவுதான். கூட்டம் தாங்கவில்லை, முகாமுக்கு வந்த டாக்டர் சாப்பிடவே நேரமில்லாமல் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். நாம் என்றால் அவன் உள்ளே வந்துவிடுகிறான். வகுப்பில் இலக்கணமாகப் படித்த இரண்டு சொல். ஊரையே நகர்த்துவதற்கு அதில் ஒன்று போதும் என்று நீதான் காட்டினாய். அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றிலும் "நாங்கள்" வருகிற இடத்தை அடித்தேன். கடன் கொடுக்கிறவர்கள் பேனரிலும் "நம்ம" வந்தது. பெரிய வீட்டு மனை விளம்பரத்திலும் "நம்ம" வந்தது. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் அதையே கேட்டார்கள்.

ஆனால் அந்தப் புயலின்போது நீ செய்ததை மறக்க முடியாது. அரசாங்க ஜீப் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தது, தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்று. குப்பத்தில் ஒருவரும் அசையவில்லை. வலையைக் கட்டிக்கொண்டும் கூரையில் கல் ஏற்றிக்கொண்டும் இருந்தார்கள். நீ மழையோடு ஆட்டோவில் போனாய். நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ பயமுறுத்தவில்லை. காற்றின் வேகம் என்ன என்று சொல்லவில்லை.

"நாம போலாம் வாங்க. கோழியையும் தூக்கிக்கலாம். ஸ்கூல்ல சாம்பார் கொதிக்குது, நான் பாத்துட்டுதான் வர்றேன்."

ஒரு கிழவர் கதவைத் திறந்து, "ஏம்மா, சாம்பார்ல முருங்கைக்கா போட்டாங்களா?" என்று கேட்டார். "போடலன்னா நான் போட்டுத் தர்றேன், ஏறுங்க" என்றாய். அவர் ஏறினார். அவர் ஏறியதும் மற்றவர்கள் வந்தார்கள். கோழிகளும்தான்.

சர்க்கரை வந்தபோது நீ முதலில் அதையும் கிண்டல்தான் செய்தாய். உப்பு ஊரில் இருக்கிறவளுக்குச் சர்க்கரையா என்றாய். மாத்திரையில் நிற்காமல் ஊசிக்குப் போனது. ஊசியைத் தவறவிட்ட ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லார் எதிரிலும் திட்டினாள். படிச்சவதானே, சொன்னா புரியாதா, அப்புறம் எதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல என்று. அவளுக்கும் எத்தனை பேர், எவ்வளவு அலுப்பு. வெளியே வந்து ஜூஸ் கடை நிழலில் நின்றபோது, "பாத்தியா, 'நாங்க'ன்னுட்டா" என்றாய். சிரித்தாய்தான். ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

அந்தச் சர்க்கரை வைத்தியன் அப்போதுதான் வந்தான். உன் போனுக்குள், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஒரு பசு மாடு நிற்க. ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், தான் தருகிற பொடி போதும் என்றான். முதலில் நீ அவனை எனக்குக் காட்டியதே ஆளைக் கிழிக்கத்தான். ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரனைப் பார்க்கிற பார்வை.

"பாரு, கேள்வி கேட்டுட்டு நிறுத்துறான் பாரு. இப்ப கண்ணைத் தாழ்த்துவான். தாழ்த்திட்டானா? இப்ப அவங்க அம்மா கதை வரும்."

வந்தது. நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன் பிறகு நீ அவனைத் தினமும் பார்த்தாய். சிரிப்பதற்காகத்தான் பார்க்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஊசி மருந்து வைக்கிற இடத்தில் கறிவேப்பிலை இருந்தது.

நான் என்னென்னவோ சொன்னேன். டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்து வந்து காட்டினேன். அழுதேன். உன் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டிவிட்டு வந்தவர், வாசலில் செருப்பைக்கூட கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாய்:

"அவன் பண்ற தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும்டி. நான் பண்றதுதானே அது. ஆனா அவன் என்னைத் திட்டலடி. இத்தனை நாள்ல எனக்கு சுகர்னு தெரிஞ்சதுல இருந்து என்னைத் திட்டாத ஆளு அவன் ஒருத்தன்தான். நீ பேசும்போது தாலுக்கா ஆபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்குது."

தந்திரம் தெரிந்தவளைத் தந்திரத்தால் பிடிக்க முடியாது என்று நான் நம்பியிருந்தேன். உனக்கு அதன் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். தெரிந்தே உள்ளே போய் உட்கார்ந்தாய், வெயிலில் வந்தவள் நிழலில் உட்காருவதுபோல.

முதல் சில வாரம் உனக்கு உடம்பு லேசாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருக்கிறது என்றாய். குணமானவர்கள் வீடியோ அனுப்பலாம் என்று அவன் கேட்டபோது, உப்புப் பாத்திக் கரையில் நின்று பேசி அனுப்பினாய். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் பின்னால். நீலப் புடவை. நம் மரக்காணத்தில் யாரும் அவ்வளவு அழகாக எதையும் சொன்னதில்லை. அந்த ஆள் பேசிய எதையும்விட உன் பேச்சுதான் அதிகம் பரவியது. ஏன் பரவாது? நீ யாருக்கும் பொய் சொல்லவில்லை. நீ நம்பியதைத்தான் சொன்னாய்.

பிறகு காலில் வந்த புண், காய்ச்சல், புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ். எழுத என்ன இருக்கிறது. கட்டிலில் கிடந்தபோது உன்னை யாரும் எதற்கும் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டு என்றால் நீட்டினாய். ஒரு மாலை என்னை அருகே கூப்பிட்டு, "அவன் ஏமாத்தலடி, அவனும் நம்புறான் போல" என்றாய். யாரை ஆறுதல்படுத்த அதைச் சொன்னாய் என்று தெரியவில்லை. உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுத முதலாளி என்னைத்தான் உட்காரச் சொன்னார். உன் பெயரை மட்டும் எழுதினேன். கீழே வழக்கமாக வருகிற வரி எதுவும் வரவில்லை.

நீ போன பிறகு அந்த வீடியோவின் கீழே, இதில் பேசுகிறவர் இறந்துவிட்டார், ஊசியை நிறுத்தியதால் இறந்தார் என்று எழுதினேன். சற்று நேரத்தில் அது காணாமல் போனது. மறுபடி எழுதினேன். நீங்க மருந்து கம்பெனி ஆளா என்று ஒருவர் கேட்டார். அவங்களே நல்லா இருக்கேன்னு சொல்றாங்க, உனக்கென்ன என்று இன்னொருவர். பிறகு அதுவும் போய்விட்டது.

உன் வீட்டுக்காரரிடம் போனேன். நீங்க எழுதிக் கேட்டா அந்த வீடியோவை எடுத்துடுவாங்க அண்ணே என்றேன். அவர் வெகுநேரம் லாரி சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மைக்குல எவ்ளோ பேசியிருப்பா. எவன்னா ரெக்கார்டு பண்ணானா? எனக்கு அவ குரல்னு இருக்குறது அது ஒண்ணுதாங்க. லோடு ஏத்தும்போது கேட்டுக்குவேன். அதையும் எடுக்கச் சொல்றீங்களா?"

எடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இன்று கன்னிகாவின் போனில் நீ பேசி முடித்ததும், இது யார் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நம்ம ஊர் உப்பளம் மாதிரி இருக்குது, அதான் பாக்குறேன் என்றாள். பேச்சோடு பேச்சாக, போன மாசம் தனக்கும் சர்க்கரை என்று சொன்னார்களாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்களாம், இந்த அம்மா சொல்வதைக் கேட்டதிலிருந்து அதைச் சாப்பிடுவதில்லையாம். அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள். பெரியது அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். அது என் சிநேகிதி. இந்த ஊர்க்காரி. இறந்துவிட்டாள். எதனால் என்றும் சொன்னேன்.

கன்னிகா போனை மறுபடி பார்த்தாள். நீ அதில் நின்றுகொண்டிருந்தாய், முந்தானை காற்றில் பறக்க.

"செத்துட்டாங்களா? பாவம்க்கா." தூங்குகிற பெண்ணின் முடியை ஒதுக்கிவிட்டாள். "ஆனா பேசும்போது நல்லாதானே இருக்காங்க."

இத்தனை வருடம் வாசகம் எழுதியவள் நான். உன்னிடம் தோற்ற அத்தனை விதத்தையும் ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடினேன். திட்டக்கூடாது. பயமுறுத்தக்கூடாது. தாலுக்கா ஆபீஸ் ஆகிவிடக்கூடாது. "நாம ஒண்ணா போயி ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம் கன்னிகா" என்றேன். நீ சொல்லியிருந்தால் அவள் எழுந்து செருப்பைப் போட்டிருப்பாள். என் வாயில் அது பேனர் வாசகம் மாதிரி வந்தது. எனக்கே கேட்டது. அவள் மரியாதையாக என்னைப் பார்த்து, "சரிக்கா" என்றாள். பேச்சை முடிக்கிற சரி. அதற்குள் கரண்ட் வந்து மெஷின் இரைந்தது. ஜெராக்ஸை வாங்கி மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மதியம் மறுபடி கடை வழியாகப் போனாள், உப்பளத்துப் பெண்களோடு. எல்லார் எதிரிலும் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டால் அது நர்ஸ் கேட்பதுபோல் ஆகிவிடும். அதனால் வாசலுக்கு வந்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"சாப்டேன்க்கா" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. நாளையும் அவள் இந்த வழியாகத்தான் போவாள், நானும் அதையேதான் கேட்பேன். சோற்றையும் மாத்திரையையும் சாப்பிடுவது என்று ஒரே சொல்லால் சொல்கிற இந்த ஊரில், அவள் சொல்கிற பதிலை வைத்துக்கொண்டு நான் உள்ளே வந்து உட்கார வேண்டும்.