பாதியில் நிற்கும் பாட்டுகள்

டிரேவர்,

கம்ப்யூட்டரைத் திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது! நேற்று நீங்கள் ஸ்கேன் செய்த சர்ச் பாட்டுத் தாள்களில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேனரின் விளக்கு, கண்ணாடியைத் தொடும் பக்கத்தை மட்டுமே படிக்கும். தாளைத் திருப்பி மறுபடி வைக்க வேண்டும். அதற்குள், "வீட்ல இனி குப்பையே இல்ல பிரிஸி" என்று தாள்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களே! மாலையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. எல்லாப் பாட்டும் பாதியில் நிற்கும்.

ஈஜிபுராவில் அவர் கடைக்கு ஓடுகிறேன். மூட்டையை இன்னும் பிரித்திருக்க மாட்டார். பாட்டுக் குழு மௌரீன் தாள் வாங்க வந்தால் டீ கொடுத்து உட்கார வையுங்கள்.

பி.கு: சீட்டைத் திருப்புங்கள்.

(பின்பக்கம்)
திருப்பினீர்களா? பாதிக் கோபம் போயிற்று. மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. மீதிக் கோபம் தாள்கள் கிடைத்த பிறகு.

பிரிஸில்லா