என்னை உதைக்கும் சைக்கிள்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் பாப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

மலைமேல் தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கும் வேலைக்கு ஆபீஸில் சைக்கிள் தருகிறார்கள். சேறு, பாறை, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. ஆபீஸுக்கு வண்டி தரும் கடையில் என்னையே பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று ஏற்றத்தில் இரும்பு பீரோவாகக் கனத்தது. இன்னொன்று இறக்கத்தில் தகரடப்பாவாக உதறியது. நடுத்தரமாக, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த ஒன்றை எடுத்தேன். அதுவும் ஒவ்வொரு கல்லுக்கும் கழுதை மாதிரி உதைக்கிறது! நேற்று என்னைப் புதருக்குள் இறக்கிவிட்டது. வெறும் சிராய்ப்புதான், பயப்படாதே.

நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "பின் ஷாக் அமுங்கவே இல்ல. பழசை என் தலையில கட்டிட்டீங்களா?"

மெக்கானிக் அசரவில்லை. "ஓட்டுறவர் எடைக்குத்தான் சார் அதுல காத்து அடிப்போம். நீங்க எழுபத்திரண்டு கிலோன்னீங்க. இந்த மெஷின்ல ஏறுங்க."

அறுபத்து மூன்று காட்டியது. நான் சொல்லியிருந்தது, வீட்டிலிருந்து கிளம்பிய அன்று பார்த்த எடை. அந்த மெஷினையும் திட்டித் தீர்த்தேன்.

"காத்தக் கொறைச்சிடவா சார்?"

"தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும்!"

ஓர் உதவி. நீ சமைப்பதையெல்லாம் அளவோடு, செய்முறையோடு எழுதி அனுப்பு. 'ஒரு கைப்பிடி' என்று மட்டும் எழுதாதே. யார் கைப்பிடி? உன் கை அங்கே அல்லவா இருக்கிறது!

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்னுடைய,
எழுபத்திரண்டு கிலோ