காலி அறைக்கு ஒரு கேடயம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் செருப்பைத் தேடப்போய்க் கழிப்பறை நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். என் மனைவி நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் சாமான்; நேற்று மாலை ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. இன்று மத்தியானத்துக்குள் இன்னொரு வீட்டுக்குப் போயும் விட்டது. வீக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது.

இவள் இன்றும் பேசவில்லை. காபி வருகிறது, சோறு வருகிறது, வார்த்தை வரவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போனில், "அவங்க வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "சும்மாதான் இருக்கா" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதே நேரம் இவள் வாசலில் ஒரு சக்கர நாற்காலியை ஆட்டோவிலிருந்து ஒற்றை ஆளாக இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

பேப்பரில் ஒரு அறிவிப்பு. ஊரில் தொண்டு செய்யும் அமைப்புகளுக்குப் பாராட்டு விழா, கேடயம், சான்றிதழ். பார்த்ததும் வழி கிடைத்த மாதிரி இருந்தது. நான் முப்பத்து மூன்று வருஷம் கடை கடையாகப் போய் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தியவன். சரியான எடை இருந்தாலும் முத்திரை இல்லாத கல் செல்லாது. இவளிடம் எடை இருக்கிறது, முத்திரைதான் இல்லை. வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

விண்ணப்பத்துக்கு இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்: "எங்கள் வீட்டு முன்னறையில் பத்தொன்பது ஆண்டுகளாக இயங்கும் சங்கம். சக்கர நாற்காலி பதினொன்று, நடைச்சட்டம் பதினாறு, ஊன்றுகோல், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் இரண்டு. தேவைப்படுவோர் இலவசமாக எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டியது. பொறுப்பாளர்: என் மனைவி. பழுது பார்ப்பவர்: தெருமுனை சைக்கிள் கடைக்காரர்."

எழுதும்போதுதான் கணக்குப் போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நன்றி சொல்ல என்று யாரும் இந்த வாசலுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. குணமானவர்களுக்குப் படுத்திருந்த ஞாபகமே வேண்டாம். போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டார் சாமானைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்விடுவார்கள்.

இவளிடம் சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பதில் வந்தது. 19ஆம் தேதி காலை பத்து மணிக்கு நடுவர்கள் நேரில் வருகிறார்களாம். கடிதத்தைப் பிரித்தது இவள்.

"யாரக் கேட்டு எழுதினீங்க?"

பதினெட்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. சண்டைக்கான வார்த்தைதான், இருந்தாலும் காதுக்கு இதமாக இருந்தது.

கூடவே மதிப்பெண் தாளும் இணைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் 'கையிருப்பு' என்ற தலைப்புக்கு. நடுவர்கள் கண்ணால் காணும் பொருள்கள் மட்டுமே கணக்கில் வருமாம். எங்கள் முன்னறையில் இன்றைய கையிருப்பு: ஒரு ஒற்றை ஊன்றுகோல், சுவரில் வெறும் கொக்கிகள். மீதி அத்தனையும் ஊருக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"எல்லாத்தையும் ஒரு மணி நேரம் திருப்பி வாங்கி வெச்சா என்ன?" என்றேன்.

"மனுஷங்க கால்ல இருக்கறதப் பிடுங்கியா? வரட்டும். காலி ரூமப் பாத்துட்டுப் போகட்டும்."

அவள் சொல்வது நியாயம். ஆனால் நான் ஆய்வாளனாக இருந்தவன். காலி அறையைப் பார்த்தால் நானே பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.

ஜூன் 14, சனி

அவள் சந்தைக்குப் போன நேரத்தில் பதிவேட்டை எடுத்து எல்லோருக்கும் போன் செய்தேன். "வியாழன் காலைல ஒரே ஒரு மணி நேரம், சாமானைக் கொண்டுவாங்க." ஒருவரும் மறுக்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் கேட்டார்: "நாற்காலி மட்டும் வரணுமா, நானுமா?"

"நாற்காலி போதும் சார்."

"அப்ப நான் தரைல கிடக்கறதா? நாங்க ரெண்டு பேரும் ஒரே உருப்படிங்க. வந்தா சேந்துதான் வருவோம்."

சரி, வாங்க என்றேன். அவர் ஒருவர்தானே.

ஜூன் 19, வியாழன்

அவர் ஒருவரில்லை.

ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். நடைச்சட்டக்காரர்கள் அதைப் பிடித்து நடந்தே வந்தார்கள். வேறு எப்படி வருவார்கள்? இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்து தெருவை அடைத்ததில் பால் வண்டி திரும்பிப் போனது. கட்டிலை அனுப்புங்கள் என்று சொன்ன வீட்டிலிருந்து கட்டில் சரக்கு ஆட்டோவில் வந்தது, அந்த அம்மா அதிலேயே படுத்தபடி. "நாலு மாசமாச்சு வெளிக்காத்து பட்டு" என்று சந்தோஷப்பட்டார். இறக்க ஆறு பேர்.

சாமானை மட்டும் கொடுத்தனுப்பியவர்களை விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று பேர். ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டு, வலி எங்கே, மருத்துவர் யார் என்று ஒரே கலகலப்பு. இவளோ ஊரின் அந்தக் கோடிக்கு ஒரு தண்ணீர்ப் படுக்கையைக் கொடுக்கப் போயிருந்தாள்.

நடுவர்கள் மூவர், சரியாகப் பத்துக்கு. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலில் நின்றே எழுதினார்கள். நடுவிலிருந்த அம்மாள் தலைமையாசிரியரிடம் குனிந்து, சத்தமாக, "ஐயா, இங்க எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்றார்.

"ஒன்பது மணிலேருந்து."

அந்த அம்மாள் பரிவோடு தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"சாப்பாடெல்லாம் நேரத்துக்குத் தர்றாங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் தரல" என்றார் கட்டில் அம்மா. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியாக என்னிடம்: "நீங்க?"

பெருமை அவளுக்கே போகட்டும் என்று ரொம்ப அடக்கமாகச் சொன்னேன். "நான் ஒண்ணும் செய்யறதில்லைங்க. எல்லாம் அவங்கதான் பாத்துக்கறாங்க."

அதற்கும் தலையசைப்பு. என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

இவள் திரும்பி வந்தபோது நடுவர்கள் போயிருந்தார்கள், மற்றவர்கள் போகவில்லை. இருபத்து மூன்று பேருக்கும் உப்புமா கிளறினாள். எனக்கு வைக்கவில்லை.

ஜூலை 2, புதன்

முதல் பரிசு! சத்தம் போட்டுப் படித்தேன். "...சிறந்த முதியோர் இல்லத்துக்கான..."

அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"மேல படிங்க" என்றாள்.

படித்தேன். "எளிய இடத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைத் தங்கவைத்து..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

ஜூலை 4, வெள்ளி

விழாக் குழுச் செயலாளரிடம் போனில் அரை மணி நேரம் மன்றாடினேன். நாங்கள் இல்லம் இல்லை, இரவல் கொடுக்கிறவர்கள்.

"சார், இரவல் கொடுக்கறதுக்குப் பிரிவே கிடையாது. முதியோர் இல்லம் பிரிவுல நீங்க ஒருத்தர்தான் தேறினீங்க. கேடயத்துல எழுத்து வெட்டியாச்சு. முதல்ல வாங்கிக்குங்க, அப்புறம் நாங்க இல்லம் இல்லைன்னு ஒரு மனு குடுங்க."

ஜூலை 12, சனி

விழா மண்டபம் மாடியில். இருபத்தாறு படி, லிஃப்ட் கிடையாது. தொண்டு செய்கிறவர்களைப் பாராட்டும் விழாவுக்கு நடக்க முடியாதவர்களை அழைத்துவிட்டு, படிக்கட்டில் பூத்தோரணம் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் ஆசையாக வந்துவிட்டார்கள். "நான் இவங்களோட கீழயே இருக்கேன், நீங்க போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மேடையில் அறிவித்தார்கள்: "இல்லத்தின் சார்பாக அங்கே வசிக்கும் பெரியவர் ஒருவரே பெற்றுக்கொள்கிறார்!"

நான் திரும்பிப் பார்த்தேன், யார் அந்தப் பெரியவர் என்று. அதற்குள் இரண்டு இளைஞர்கள் என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். கால் தரையில் பட்டும் படாமலும் மேடை ஏறினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறிஞ்சுகுழல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் அறுபத்தேழு வயதில் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவன்!

கீழே வந்து கேடயத்தை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள். தலைமையாசிரியர் நாற்காலியின் சக்கரம் சரிவில் உருளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

சமூக நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரி. பரிசு பெற்ற இல்லம் பதிவாகாமல் நடக்கிறதாம். கையில் நடுவர்கள் கொடுத்த இல்லவாசிகள் பட்டியல். ஒவ்வொருவரையும் உறவினர் யாராவது கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டால்தான் இல்லத்தை மூடியதாகக் கணக்கு. அவர்கள்தான் அவரவர் வீட்டில் இருக்கிறார்களே என்றேன். "இருக்கட்டும், கையெழுத்து வேணும்" என்றார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், உத்தியோகத்தில் இருந்தபோது.

பட்டியலில் இருபத்து நான்கு பேர். இருபத்து மூன்றுதானே?

இவள் தாளை வாங்கிக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தாள். "24. ஆண், வயது சுமார் எழுபத்தைந்து. எந்த வேலையும் செய்வதில்லை. தன்னை மற்றவர்கள் பார்த்துக்கொள்வதாகக் கூறுகிறார். சாதுவானவர்."

சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அதிகாரி பயந்து எழுந்து நிற்கிற அளவுக்குச் சிரித்தாள். எட்டு வாரத்தில் முதல் சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான். பரவாயில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இருபத்து மூன்று பேருக்கும் அவரவர் வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒரே நாளில் சுற்றி வாங்கிவந்தார். பாக்கி நான் ஒருவன். மகளிடம் கேட்டேன். "அம்மாகிட்டக் கேளுங்கப்பா, நான் நடுவுல வரல" என்று வைத்துவிட்டாள்.

இவளிடம் படிவத்தை நீட்டினேன்.

"யோசிக்கணும்" என்றாள். ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது.

அந்த அதிகாரி போன் செய்து, "ஐயா, உங்கள யாரும் கூட்டிட்டுப் போக வரலியா?" என்று மிக அன்பாகக் கேட்டார். வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

ஜூலை 28, திங்கள்

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் ஊன்றுகோலுக்கு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குச் சொன்னது தப்பு."

"எத?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். உங்க வாயால கேக்கணும்."

"சும்மா இருக்கான்னு சொன்னது. ஏதோ... தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமதான்" என்றாள். "பத்தொம்பது வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு, தெரியாம. எனக்குக் கேடயம் வேணும்னு எப்பங்க கேட்டேன்? நீங்க ஒருத்தர் பாத்தாப் போதும்னுதானே இருந்தேன். அத ஊர்க்காரங்ககிட்ட மனு போட்டு வாங்கப் போயிட்டீங்க."

அவள் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, விழுங்கினேன். பக்கத்தில் கிடந்த பழைய ரப்பரைக் கழற்ற ஆரம்பித்தேன். வரவே மாட்டேன் என்றது. "வெந்நீர்ல போட்டாத்தான் வரும்" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

இதுவரை நான் மாற்றிய ரப்பர் இருபத்து நான்கு. கை எரிகிறது. ஒரு கட்டிலை மூன்றாவது மாடியிலிருந்து இறக்கினோம், நானும் அவளும் சைக்கிள் கடைக்காரரும். அந்த வீட்டுப் பையன் எங்களைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுடைய அப்பா போய் ஆறு நாள். படியில் நின்று மூச்சு வாங்கும்போது, "இப்பிடித்தான் சாத்துவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் இவள் இதைத் தனியாக நின்று வாங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மத்தியானம் அதிகாரி வந்தார், இல்லம் மூடப்பட்டதற்கான சான்றோடு. அப்படியென்றால் படிவம் போய்ச் சேர்ந்திருக்கிறது! ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தேன், இல்லை. எப்போது கையெழுத்துப் போட்டாள், எப்போது கொண்டுபோய்க் கொடுத்தாள், தெரியாது.

நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். எண் 24. அழைத்துச் செல்பவர்: மனைவி. அவளுடைய சாய்ந்த கையெழுத்து. அதற்குக் கீழே, 'அழைத்துச் செல்வதற்கான காரணம்' என்ற கட்டம். மற்றவர்கள் எல்லோரும் அதில் 'குடும்பத்தோடு வாழ' என்று எழுதியிருந்தார்களாம்.

இவள் எழுதியிருந்தது: "இவர் இல்லாமல் இங்கே வேலை ஓடாது."

இரண்டு தரம் படித்தேன். அதிகாரி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. உள்ளே இருந்து அவள் கூப்பிட்டாள், நடைச்சட்டம் ஒன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். போய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.