ரோஸ் நிற டிராக்டர்

அன்புள்ள மகனுக்கு,

இன்னொரு சாமான் திருடு போனால் நிலத்தை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்றாய். போன வாரம் டிராக்டரே போய்விட்டது. பதறாதே, முழுதும் படி.

எவனும் திருடி விற்க முடியாதபடி அதற்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தேன். "என்னம்மா, வண்டிக்குக் கல்யாணமா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர்கூடக் கேலி செய்தார். திருடு போன மறுநாளே டவுன் மெக்கானிக் போன் செய்தார்.

"அம்மா, உங்க வண்டி இங்கதான் நிக்குது. விக்க வந்தவனைச் சுத்தி ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. ஓடக்கூட வழியில்ல, பாவம்!"

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. வண்டி கொட்டகைக்கு வந்துவிட்டது. பின்பக்கம் ஒரு கீறல். அதற்கு மட்டும் அவனை மன்னிக்க மாட்டேன். விற்கிற பேச்சு இனி வேண்டாம்.

பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. உன் அறைக் கதவுக்கு அடிக்கப்போகிறேன். பிடிக்காவிட்டால் நேரில் வந்து தடு.

இப்படிக்கு,
இடத்தை விட்டு அசையாத உன் அம்மா